ஓலை எப்படிப் பெட்டியாகிறது?

பனையோலையின் ஓர் இதழை நெடுக்கே கிழிக்கச் சின்னப் பிள்ளையின் நகம் போதும். கீறிய இடத்திலிருந்து நுனிவரை நேர்கோடாகப் பிரிந்து வந்துவிடும். அதே ஓலையில் இழைத்த கடகத்தில்தான் நெல் அள்ளுகிறோம், தோட்டத்துக்கு எருச் சுமக்கிறோம், கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போது சேறு ஏற்றுகிறோம். ஆணி இல்லை, பசை இல்லை. சின்னப் பெட்டிகளில் ஒரு முடிச்சுக்கூட இருக்காது. நகத்துக்குத் தோற்கிற பொருள் நெல்லின் பாரத்துக்குத் தோற்காமல் நிற்கிறதே, ஏன்?

வன்னியில் இதற்கு விடை தெரிந்த கைகள் நிறைய உண்டு. பூநகரி, பளைப் பக்கம் ஓலையில் பன்னவேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். எந்த ஓலையை எடுப்பது, எவ்வளவு காயவிடுவது, எந்த அளவுக்கு நனைப்பது, எங்கே மடிப்பது என்பதெல்லாம் அவர்கள் விரலிலேயே இருக்கிறது. அந்தச் செய்கைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தாவரவியலும் இயற்பியலும், எதிர்பாராத ஓரிடத்தில் வடிவியலும் இருக்கின்றன. வாசித்துக்கொண்டே செய்தும் பார்க்கலாம். ஓலை, கத்தரிக்கோல், அடிமட்டம், ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் ஒட்டுநாடா இருந்தால் போதும். பனையோலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தென்னோலை எடுக்கலாம். பின்னும் பகுதிக்குத் தடித்த கடதாசிக் கீற்றும் உதவும்.

முதலில் ஓலையையே சோதிப்போம். ஈர்க்கை நீக்கிவிட்டு, விரல் அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று நெடுக்குவாட்டில், மற்றது குறுக்குவாட்டில். இரண்டையும் முனைகளில் பிடித்து இழுங்கள். நெடுக்கே வெட்டியது விரலை நோகவைக்குமே தவிர அறாது. குறுக்கே வெட்டியது சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகும். இலை ஒன்று, தடிப்பு ஒன்று. திசை மட்டுமே வேறு.

காரணத்தை ஓலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் கண்ணாலேயே காணலாம். பனை ஒருவித்திலைத் தாவரம். நெல், தென்னை, மூங்கில் போல அதன் முக்கிய நரம்புகள் இணையாக ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பையும் ஒட்டித் தடித்த சுவருள்ள நார்க் கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மாவிலையையோ பூவரசம் இலையையோ கிழித்துப் பாருங்கள். வலைபோல் பின்னிய நரம்புகள் குறுக்கிட்டுக் கிழிசலை அங்குமிங்கும் திருப்பும், நேராகக் கிழிக்கவே முடியாது. பனையோலையில் கிழிசலைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டு நார்களுக்கிடையே நுழைந்தால் நுனிவரை ஒரே ஓட்டம். ஏட்டுச் சுவடி எழுதியவர்களையும் இது விட்டுவைக்கவில்லை. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் இருப்பது பதிப்பாசிரியர்களை வாட்டிய பெருஞ்சிக்கல். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பிளந்துவிடும் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கண்முன் இருந்தவையும் அத்தகைய ஏடுகளே.

இன்னும் உள்ளே போவோம். நார்க் கலத்தின் சுவரில் இருக்கும் முக்கியப் பொருள் செலுலோசு. 1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென், வெவ்வேறு தாவரங்களின் உடலிலிருந்து ஒரே பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மரமானாலும் பஞ்சானாலும் கட்டுமானப் பொருள் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. பின்னர் 20-ஆம் நூற்றாண்டில் நாரின் ஊடாக ஊடுகதிரைச் செலுத்தி, அது சிதறி விழும் புள்ளிகளின் ஒழுங்கைப் படித்தார்கள். செலுலோசு என்பது குளுக்கோசு அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி என்பதும், சங்கிலிகள் பல ஒன்றோடொன்று நெருங்கி நுண்ணிழையாகப் படுத்திருப்பதும் அப்படித்தான் வெளிவந்தன. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் இந்த நுண்ணிழை உருக்குக்கு இளைத்ததல்ல. ஆனால் அந்த வலு முழுவதும் இழை ஓடும் திசையில்தான்.

இழைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது வேறொரு கலவை. அரைச்செலுலோசும் இலிக்னினும் சேர்ந்து இழைகளின் இடைவெளியை நிரப்புகின்றன. வைக்கோல் போட்டுக் குழைத்த மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் இழுவையைத் தாங்குகிறது, மண் வைக்கோலை அசையவிடாமல் பிடிக்கிறது. தண்ணீர் பட்டால் மண் இளகும். காய்ந்தால் எந்த வடிவில் விட்டோமோ அந்த வடிவில் இறுகும். வைக்கோலுக்கு ஈரத்தால் பெரிய மாற்றம் இல்லை. ஓலையிலும் நடப்பது இதுவே. தண்ணீர் மூலக்கூறுகள் செலுலோசு நுண்ணிழைக்குள் புக இடமில்லை. இடையை நிரப்பும் கலவைக்குள் அவை தாராளமாகப் புகுகின்றன. அங்கே சங்கிலியைச் சங்கிலியோடு கட்டியிருந்த ஐதரசன் பிணைப்புகளைத் தளர்த்தி, நடுவே தாங்கள் அமர்ந்துகொள்கின்றன. சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்க, ஓலை வளைகிறது. காயும்போது தண்ணீர் வெளியேற, புதிய இடத்தில் புதிய பிணைப்புகள் விழுகின்றன. நனைத்து மடித்த மடிப்பு காய்ந்தபின் அப்படியே நிற்பதன் கதை இதுதான்.

காய்ந்த ஓலையில் ஒரு கீற்றை உள்ளபடியே மடியுங்கள்; மடிப்பில் வெடிக்கும். அதே ஓலையில் இன்னொரு கீற்றை ஈரத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்துவிட்டு மடியுங்கள், சத்தமில்லாமல் பணியும். வறண்ட சோளகக் காற்று வீசும் மாதங்களில் பெட்டி இழைப்பவர்கள் வெயில் ஏறும் நேரத்தைத் தவிர்த்து, விடியலிலோ பொழுது பட்ட பின்னரோ உட்காருவதில் பெரிய அறிவு இருக்கிறது. ஓலை சும்மா கிடந்தாலும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதன் ஏறினால் உறிஞ்சும், இறங்கினால் விடும். விடியற்காலையில் தண்ணீர் தெளிக்காமலே ஓலை பதமாக இருப்பது இதனால்.

அப்படி ஈரம் ஏறும்போது ஓலை பருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. இதை அளக்கலாம். நன்கு காய்ந்த கீற்றுகள் பத்தை அருகருகே இடைவெளியின்றி அடுக்கி, மொத்த அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கீற்றின் நீளத்தையும் குறியுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி அடுக்கி அளந்து பாருங்கள். அகலம் கூடியிருப்பதை அடிமட்டமே காட்டும். நீளத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். இழைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் இழைகள் விலகும், அதனால் அகலம் கூடும்; இழைகளே நீள்வதில்லை. ஒரு கீற்றை மட்டும் அளந்தால் வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது, பத்தைச் சேர்த்தால் பிடிபடும். சிறு மாற்றத்தை அளக்க வேண்டிய இடங்களில் அறிவியலாளர்கள் செய்வதும் இதையே.

இதை வைத்து ஒரு கருவியே செய்துவிடலாம். காய்ந்த ஓலையில் குறுக்குவாட்டில் ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கம் முழுவதும் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். கொதிக்கும் கேத்திலின் ஆவிக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். ஓலை பருக்கும், நாடா பருக்காது. ஆகவே நாடா உட்புறமாக வரும்படி துண்டு சுருளும். ஆவியிலிருந்து எடுத்தால் மெல்ல நிமிரும். அதன் ஒரு முனையை அட்டையில் ஒட்டி, மறுமுனைக்குப் பின்னால் கோடுகள் கீறினால் வீட்டு ஈரப்பதமானி தயார். மாரி தொடங்கும் ஐப்பசியில் எங்கே நிற்கிறது, சித்திரை வெயிலில் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகள் கொப்பியில் குறித்துவரலாம். 1783-இல் சுவிட்சர்லாந்தின் ஒராசு-பெனடிக்ட் டி சோசூர் மனிதத் தலைமயிரை வைத்துச் செய்த ஈரப்பதமானியும் ஈரத்தில் நாருக்கு நேரும் மாற்றத்தையே அளந்தது. வானிலை நிலையங்கள் நெடுங்காலம் மயிர்க் கருவியையே நம்பியிருந்தன.

பருக்கும் இந்தக் குணம் பெட்டிக்குப் பகையும்கூட. புதிதாகப் பழகுபவர்கள் ஓலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்ட எடுத்து இழைப்பார்கள். கைக்கு அது சுகமாகத்தான் இருக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு கீற்றும் அகலத்தில் சுருங்கி, கண்ணுக்குக் கண் இடைவெளி விழும். பழகியவர்கள் மடிக்கப் போதுமான ஈரத்தை மட்டுமே விடுவார்கள். ஒரே அளவில் இரண்டு தடுக்கு இழைத்து, ஒன்றை ஊறிய ஓலையிலும் மற்றதைப் பதமான ஓலையிலும் செய்து, காய்ந்தபின் இரண்டையும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த ஓலையை எடுப்பது என்பதற்கு வருவோம். முற்றிய பச்சை ஓலை வேலி அடைக்கவும் கூரை வேயவும் நல்லது. மெல்லிய பெட்டிக்கு வேண்டியது குருத்தோலையோ அதற்கு அடுத்த இளம் சார்வோலையோதான். பொதுவாக, கைக்கு எட்டும் இளம்பனையான வடலியில் எடுப்பது எளிது. குருத்து வெளிர் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் அது மட்டைகளுக்கு நடுவே விசிறிபோல் மடிந்து வெளிச்சம் படாமல் இருந்ததே. பூக்கும் தாவரங்கள் பச்சையத்தை உண்டாக்கும் வேலையின் கடைசிப் படிகளில் ஒன்றை ஒளி இல்லாமல் முடிக்க முடியாது. முற்றத்துப் புல்லின்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துச் சில நாள் கழித்துத் தூக்கினால், அடியில் புதிதாக முளைத்த புல் வெளுத்திருக்கும், திறந்துவிட்டால் பச்சையாகும். குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவைப்பவர்கள் அதைப் பச்சையாக விடுவதில்லை. ஓலையில் தண்ணீர் இருக்கும்வரைதான் கலங்கள் வேலை செய்யும். வேகமாகக் காய்ந்தால் பச்சையம் உண்டாகும் முன்பே அந்த வேலை நின்றுவிடும், எஞ்சிய நிறத்தையும் வெயிலே வெளுக்கச் செய்யும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பனைக்கு வளரும் புள்ளி ஒன்றே ஒன்று. உச்சியில் குருத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு சிறு பிரியிழையம்தான் மரத்தின் எல்லா ஓலைகளையும் உண்டாக்குகிறது. மாமரத்தை வெட்டினால் பக்கத்தில் தளிர்க்கும், பனை தளிர்க்காது. 2009-இல் போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது, எறிகணையில் தலை அறுந்து கறுத்த கம்பங்களாக நின்ற பனைகளைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எல்லோரும் கண்டார்கள். அவற்றில் ஒன்றுகூட மறுபடி ஓலை விடவில்லை. இன்று நிற்கும் வடலிகள் அதனால் எனக்குப் பெரும் பெறுமதியானவை. ஒரு வடலியில் அடுத்தடுத்துக் குருத்தாகவே எடுத்தால், உணவு செய்யும் ஓலை இல்லாமல் மரம் நலிந்துபோகும். ஒரு குருத்தை எடுத்துவிட்டு, அடுத்த சிலவற்றை விரிய விடுவது நாளைய பெட்டிக்கு வேண்டிய காப்பு.

இனிப் பின்னலுக்கு வருவோம். ஓலைக்கு ஒரு திசையில் மட்டுமே வலு என்று கண்டோம். கீற்றுகளாக வார்ந்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் இரண்டு திசையிலும் வலு கிடைக்கும். இது எளிதில் விளங்கும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு லாபமும் உண்டு. கடகத்தில் ஒரு கீற்றில் பிளவு விழுந்தால், அது அந்தக் கீற்றோடு முடிந்துவிடும். பக்கத்துக் கீற்று தனி ஆள். பிளவு அதற்குள் தாவ வழியில்லை. முழு இதழையே இரண்டாக்கிய கிழிசல் பின்னலில் ஒரே கீற்றுக்குள் அடங்கிவிடுகிறது. பழங்கடகங்களில் பத்துப் பதினைந்து கீற்று வெடித்திருந்தாலும் மண் சுமப்பது இதனால்தான். எடையில் ஏறத்தாழப் பாதி நார்க்கலவைப் பொருட்களால் ஆன போயிங் 787 விமானத்திலும், கரி நார்களைப் பல திசைகளில் அடுக்கியே உடலைக் கட்டுகிறார்கள். ஒரு திசை நாரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சரி, கீற்றுகள் ஏன் கழன்று போவதில்லை? பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே. நான்குக்கு நான்கு கீற்றில் ஒரு சிறு தடுக்கு பின்னி, நடுக் கீற்று ஒன்றைப் பிடித்து இழுங்கள், எளிதாக வரும். எட்டுக்கு எட்டில் பின்னி நன்றாக நெருக்கிவிட்டு இழுங்கள்; மேசையில் கிடந்த தடுக்கே கூட வரும். கீற்று ஒவ்வொரு சந்திப்பிலும் மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. இழுக்கும்போது அது நேராகப் பார்க்கிறது. குறுக்கே கிடப்பவை விடுவதில்லை. ஆகவே இழுக்கும் விசையில் ஒரு பங்கு, கீற்றைக் குறுக்குக் கீற்றின்மேல் அழுத்தும் விசையாக மாறுகிறது. அழுத்தம் கூட உராய்வும் கூடுகிறது. கூட இழுத்தால் கூடப் பிடிக்கும்.

இந்தப் பிடி வளர்கிற விதம் வியப்பானது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தைக் கட்டும் கயிற்றை ஒரு மரக்குற்றியில் சுற்றிப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஒயிலர் இந்தக் கணக்கைத் தீர்த்தார். சாதாரணக் கயிறும் மரமும் என்றால் ஒரு சுற்று, கையின் பிடியை ஏறத்தாழ 6.5 மடங்காக்கும். இரண்டு சுற்று 13 மடங்கு என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் 40-ஐத் தாண்டும். மூன்று சுற்றில் 280-ஐ நெருங்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பெருக்குகிறது, கூட்டுவதில்லை. ஓலைப் பின்னலில் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தின் வளைவும் சிறியது என்பது உண்மைதான். ஆனால் அவை எண்ணிக்கையில் நிறைய.

ஓலை கையில் இல்லையென்றால் இரண்டு கொப்பிகளின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து, முதுகைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெரிய ஆட்களாலும் பிரிக்க முடியாது. பிரான்சு நாட்டு இயற்பியலாளர் குழு ஒன்று 2016-இல் இதை ஆய்வாகவே வெளியிட்டது. தாள்களின் எண்ணிக்கை 10 மடங்கானால் பிரிக்க வேண்டிய விசை 10 மடங்காகவில்லை, ஏறத்தாழ 10,000 மடங்கானது. கோத்த இடத்தில் தாள்கள் சற்றுச் சாய்ந்து போவதால், இழுப்பதே அவற்றை ஒன்றோடொன்று அழுத்திவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பெட்டி இழைப்பவர்கள் விளிம்பை மடித்து, மீதிக் கீற்றை வந்த வழியே திரும்பச் செருகுவதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று சந்திப்புக்குள் செருகினாலே அது நின்றுவிடும், முடிச்சுப் போடத் தேவையில்லை. கடகம் போன்ற பாரம் சுமக்கும் பொருளுக்கு மட்டும் விளிம்பில் மட்டையும் நாரும் வைத்துப் பொத்துகிறார்கள். அங்கே தூக்கும் கையின் முழு இழுவையும் ஒரு சில கீற்றுகளில் மட்டும் விழாமல் வட்டம் முழுவதும் பரவ வேண்டும்.

இதுவரை தட்டைப் பின்னலையே பேசினோம். தட்டையான பாய் எப்படிக் குழிந்த பெட்டியாகிறது என்பதில்தான் எனக்குத் தீராத ஆசை. ஓலை நீளாது என்று அளந்து பார்த்தோம். நீளாத பொருளை உருளையாகச் சுருட்டலாம். கிண்ணமாகக் குழிக்க முடியாது. கணிதவியலாளர் கவுசு 1827-இல் இதை நிறுவினார். ஒரு கடதாசித் தாளைத் தோடம்பழத்தின்மேல் ஒட்டிப் பார்த்தால் சுருக்கம் விழுவதிலிருந்து நாமும் அறியலாம். அப்படியானால் பெட்டிக்குக் குழி எங்கிருந்து வருகிறது?

செய்தே பார்ப்போம். ஒரு சென்ரிமீற்றர் அகலம், அரை மீற்றர் நீளத்தில் 16 கீற்றுகள் எடுங்கள். எட்டுக்கு எட்டாக நடுவில் பின்னினால், கைக்குள் அடங்கும் சதுரம் ஒன்று வரும். நான்கு பக்கமும் எட்டெட்டுக் கீற்றின் வால்கள் நீண்டிருக்கும். இப்போது ஒரு பக்கத்தின் எட்டு வால்களை நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் உள்ள இரண்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடுங்கள். இதுவரை இணையாகப் போன இரண்டு கீற்றும் இனிச் செங்குத்தாகச் சந்திக்கின்றன. அந்த இடத்திலிருந்து மற்றவற்றையும் வழக்கம்போல் மேலும் கீழுமாகப் பின்னினால், தட்டையாகக் கிடந்தது கையில் எழும்பி ஒரு மூலையாகும். நான்கு பக்கத்திலும் இதையே செய்தால் நான்கு மூலை, நான்கு சுவர். சதுரத்தின் பக்க நடுவெல்லாம் பெட்டியின் மூலையாகிவிடுவதால், கீற்றுகள் சுவரில் சாய்வாக ஏறும். வேண்டிய உயரம் வந்ததும் மடித்துச் செருகிவிடலாம்.

அந்த மூலைப் புள்ளியை உற்றுப் பாருங்கள். தட்டைப் பாயில் எந்தப் புள்ளியைச் சுற்றியும் நான்கு சதுரக் கண்கள் இருக்கும். நான்கு 90 பாகை சேர்ந்து 360. மூலையிலோ மூன்று கண்களே உள்ளன. 270 பாகைதான் வருகிறது. காணாமற்போன 90 பாகையைக் 'கோணக்குறை' என்று அழைப்போம். ஓலையை நீட்டவும் இல்லை, சுருக்கவும் இல்லை. ஒரு புள்ளியைச் சுற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டோம், மிச்சம் எழும்பி நின்றுவிட்டது. நான்கு மூலையின் குறையைக் கூட்டினால் 360. சுவர்கள் உள்ளே சாயாமலும் வெளியே விரியாமலும் நேராக நிற்பதற்கு அதுதான் கணக்கு. மூன்று பக்கங்களில் மட்டும் மூலை எழுப்பிச் செய்து பாருங்கள்: குறை 270 மட்டுமே, வாய் அகன்று விரியும்.

மூடியும் சேர்த்து முழுதாக மூடினால்? பிள்ளைகள் தென்னோலையில் செய்யும் சதுரப் பந்தை எடுங்கள். அதற்கு எட்டு மூலை, ஒவ்வொன்றிலும் 90 குறை, மொத்தம் 720. கடதாசியில் நான்கு சமபக்க முக்கோணங்களை ஒட்டி ஒரு நான்முகி செய்யுங்கள்: நான்கே மூலை, ஒவ்வொன்றிலும் 180 குறை, மறுபடியும் 720. மலேசியாவிலும் தாய்லாந்திலும் காலால் உதைத்து ஆடும் செபாக் தக்ரோ பந்து முன்பு பிரம்பில் பின்னப்பட்டது. அதன் பின்னல் மூன்று திசையில் ஓடும், 12 ஐங்கோணத் துளைகள் இருக்கும். தட்டையான மூன்றுதிசைப் பின்னலில் துளை அறுகோணமாக இருக்கும். ஐங்கோணமாகும்போது ஒவ்வொரு துளையிலும் 60 பாகை குறையும். 12 தரம் 60, அதுவும் 720. வளையம்போல் நடுவே ஊடுதுளை இல்லாமல் மூடிய எந்த உருவத்துக்கும் இந்தத் தொகை மாறாது என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே டெக்கார்ட் கண்டிருந்தார். ஆனால் அவர் அந்த ஏட்டை அச்சிடவில்லை. 1650-இல் அவர் இறந்தபின் லைப்னிற்சு 1676-இல் பாரிசில் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தார், மூலம் தொலைந்தது. லைப்னிற்சின் கைப்பிரதி 1860 அளவில்தான் வெளிப்பட்டது. அதற்குள் ஒயிலர் வேறு வழியால் இதே உண்மைக்கு வந்து சேர்ந்திருந்தார். இத்தனை பெரியவர்கள் தாளில் தேடிய கணக்கைப் பெட்டி இழைப்பவர்கள் எழுத்தில்லாமல் விரலால் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கோணக்குறை முழுவதையும் ஒரே புள்ளியில் குவித்தால் கூம்பு கிடைக்கும். அரைவட்டக் கடதாசியைச் சுருட்டினால் 60 பாகை கூர்ப்புள்ள கூம்பு வரும். கால்வட்டம் என்றால் இன்னும் ஒடுங்கும். எங்கள் குசினியில் இதன் நல்ல எடுத்துக்காட்டு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. கூர் கீழே இருக்கும்படி பானையின் வாயில் அதை வைத்தால், பானை சிறிதானாலும் பெரிதானாலும் கூம்பின் ஏதோ ஓர் உயரத்தில் வாய் சரியாகப் பொருந்திவிடும். இடுக்கில்லாமல் அடைபடுவதால் ஆவிக்கு மாவின் ஊடாகப் போவதைத் தவிர வழியில்லை.

அதன் சுவரில் உள்ள நுண்ணிய இடைவெளிகள் குழைத்த புட்டுமா விழாத அளவுக்குச் சின்னவை, ஆவி நுழையும் அளவுக்குப் பெரியவை. ஆவி குளிர்ந்த மாவில் பட்டு நீராகும்போது தன் மறைவெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது வெளிவிடுவது ஏறத்தாழ 540 கலோரி. அதே ஒரு கிராம் கொதிநீர் 100 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஆறினால் கொடுப்பது 70 கலோரிதான். புட்டு விரைவாக அவிவது இதனால். உலோகப் பாத்திரத்தில் அவித்தால் சுவர் வெப்பத்தை வெளியே கடத்திக் குளிர்கிறது; அதில் ஆவி படிந்து துளிகளாக வழிய, ஓரத்து மா களியாகிறது. ஓலை வெப்பத்தை எளிதில் கடத்தாது, படியும் சிறிதளவு ஈரத்தையும் தானே உறிஞ்சிவிடும். பெட்டியில் அவித்த புட்டு உதிரியாக இருப்பதற்கு இவை இரண்டும் துணை.

ஆவியில் நாள்தோறும் நனையும் பெட்டி உருக்குலைந்து போகாதா என்று கேட்கலாம். நனையும்போது கீற்றுகள் அகலத்தில் பருத்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. இடைநிரப்பு இளகினாலும் பின்னலின் பிடி இறுகுகிறது. வெளியே எடுத்துக் காயவிட்டால் பழைய வடிவிலேயே விறைக்கும். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் அதற்கு எமன். பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். ஓலை காற்றின் வறட்சிக்கு இறங்கிவிட்டால் பூஞ்சணத்தால் வளர முடியாது. புட்டை உதிர்த்தெடுத்த உடனே பெட்டியைக் கழுவி உதறி, காற்றோட்டமான இடத்தில் கொழுவிவிடுங்கள். மாரிகாலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது போதாது. அடுப்புக்கு மேலே சூடும் புகையும் படுகிற இடத்தில் தொங்கவிட்டால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது.